ஒரு நிமிடத்தில் தெரிந்தது, வந்து சேர 26 மாதம் ஆனது

நோயாளி: பெண், 37 வயது. மூன்று பிள்ளைகள். தொழில்: ஏலத்தோட்டக் கூலி. சொன்ன தொந்தரவு: ஒன்றும் இல்லை.

கடைசி வரியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இத்தனை வருடம் கேஸ் ஷீட் எழுதியிருக்கிறேன். காய்ச்சல், தலைசுற்றல், முழங்கால் வலி என்று அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இடம் காலி. நன்றாக இருக்கிற ஒரு பெண்ணை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச்சொல்லி, மறைப்புக்குப் பின்னால் படுக்கச் சொல்கிறோம். "நல்லாத்தானம்மா இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் அவரைப் படுக்க வைக்க நமக்கு உரிமை கிடையாது.

இந்த நிகழ்வை எழுத அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். எனவே 'அந்த அக்கா' என்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை, மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டம். விடியற்காலை 5 மணிக்கே தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தூக்குச்சட்டியில் சோறு, தலையில் துண்டு, மழைக்காலமென்றால் மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். அப்படியே ஏறிக் கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலச்செடியின் காய் தரையை ஒட்டிக் கிடக்கும். ஈரமண்ணில் குந்திக்கொண்டே நகர்ந்து முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். காலில் அட்டை ஏறும். ஒதுங்க இடமில்லை என்பதால் பாதிப்பேர் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சாயங்காலம் 6 மணிக்குத் திரும்பி வரும்போது எங்கள் ஓ.பி. மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பலர் தினமும் இறங்கி வருவதும் இல்லை, மேலேயே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தங்கிவிடுவார்கள். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். எந்தப் பக்கத்து நர்ஸின் பட்டியலிலும் முழுசாக வராத பெண்கள் இவர்கள்.

முதல் வருகை

அன்றைக்குக் கேரளத்தில் ஹர்த்தால், ஜீப் ஏறவில்லை. அந்த அக்கா மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தார். 30 வயது தாண்டியவர் என்று தெரிந்ததும் நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். 17 வயதில் கல்யாணம், 18-ல் முதல் பிள்ளை, மூன்றாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மாதவிலக்கு ஒழுங்கு. இடையில் ரத்தம் படுவது இல்லை, உறவுக்குப் பின் ரத்தம் இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனை முந்தைய பிரசவத்திலும் நெகட்டிவ், அன்றும் நெகட்டிவ். இதை நான் எல்லோருக்கும் பார்ப்பேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு அதிகம். அவர்களுக்குப் பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்க வேண்டும்.

எங்கள் நிலையத்தில் செய்வது வியா, விலி என்று நாங்கள் சொல்கிற பரிசோதனை. முதலாவதில் ஆசிட்டும் இரண்டாவதில் அயோடினும் தடவி வெறுங்கண்ணால் பார்ப்போம். மைக்ராஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம். நல்ல வெளிச்சம், உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம், பஞ்சு, 5 சதவீத அசிட்டிக் ஆசிட், லூகால் அயோடின். 5 மில்லி ஆசிட்டை 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது.

ஸ்பெகுலத்தை வைத்து லைட்டைத் திருப்பினால் கர்ப்பப்பை வாய் தெரியும். பிள்ளை பெற்றவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். மேல்தோல் வெளிர்ரோஸ். வாயை ஒட்டி உள்பக்கத்துத் தோல் கொஞ்சம் சிவந்து தெரியும். இந்த இரண்டு தோலும் சேர்கிற வரம்பில்தான் நம் கண் இருக்க வேண்டும். பருவம் வந்த நாளிலிருந்து ஒருவகைத் தோல் இன்னொருவகையாக மாறிக்கொண்டே இருக்கிற இடம் அது. இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸ் குடியேறுவதும் அங்கேதான், புற்று தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். மாதவிலக்கு நின்றபின் அந்த வரம்பு உள்ளே போய்விடும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு இந்தப் பரிசோதனையை மட்டும் நம்பக்கூடாது என்பது அதனால்தான்.

சளியைத் துடைத்துவிட்டு ஆசிட் நனைத்த பஞ்சை வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். "என்னம்மா ஊறுகா வாட அடிக்குது?" என்றார் அக்கா. "அந்தச் சரக்குதான் அக்கா. காடியில ஊத்துறதத் தண்ணியாக் கலந்து வச்சிருக்கேன். கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்றேன்.

பஞ்சை எடுத்தபோது 11 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் வெள்ளைத் திட்டு. கர்ப்பப்பை வாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டுதான் நாங்கள் இடம் குறிப்போம். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் ஓரம் எப்படித் தெளிவாக நிற்குமோ அப்படி நின்றது. வரம்பை ஒட்டியே இருந்தது, இன்னொரு நிமிடம் போனபிறகும் கலையவில்லை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தோல் புதிதாக மாறிக்கொண்டிருந்தாலும் வெளுக்கும், கிருமித்தொற்று இருந்தாலும் வெளுக்கும். ஆனால் அந்த வெளுப்பு மங்கலாக இருக்கும், ஓரம் கலங்கியிருக்கும், சீக்கிரம் மறையும். செல்லின் உட்கரு பெரிதாகிப் புரதம் மிகுந்த இடத்தில் ஆசிட் பட்டால் அந்தப் புரதம் கொஞ்ச நேரம் உறைந்துபோகும், வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பும். அந்த வெள்ளை அடர்த்தியாக இருக்கும், உடனே போகாது.

அடுத்து அயோடின். ஆரோக்கியமான தோலில் கிளைக்கோஜன் நிறைய இருப்பதால் அது அயோடினைக் குடித்துப் புளியங்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். மாறிய செல்களில் கிளைக்கோஜன் குறைவு, அங்கே ஒட்டாது. வெள்ளையாக இருந்த அதே இடம் மாம்பழ மஞ்சளாக நின்றது. இரண்டும் பாசிட்டிவ்.

பதிவேட்டில் வட்டம் போட்டு, 11-லிருந்து 1 வரை கோடிழுத்து, 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை' என்று எழுதினேன். அக்கா கையில் ஒரு சீட்டு கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி. "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க அக்கா, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினேன். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

இந்தப் பத்தியைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

26 மாதம்

அந்த அக்கா அலட்சியமாக இருந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் போனார். சீட்டை மூன்றாவது வாரமே எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது மணி 11-ஐத் தாண்டிவிட்டது. சீட்டைப் பார்த்தவர், "இது புதன்கிழமைதான், காலையில 8 மணிக்கு வரணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். புதன்கிழமை என்று எங்கள் சீட்டில் நான் எழுதவில்லை. எனக்கே அன்று தெரியாது. அந்த வாரமே காய் எடுப்பு தொடங்கியது, அக்கா மலையேறிவிட்டார்.

நாங்கள் கூப்பிட்டோம். பதிவேட்டில் இருந்தது வீட்டுக்காரர் நம்பர். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், லயத்தில் சிக்னல் கிடையாது. மூன்று முறை கூப்பிட்டு 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதினோம். எழுதியதும் எங்களைப் பொறுத்தவரை அந்த வரி முடிந்துபோனது.

அந்தச் சீட்டை அவர் தொலைக்கவும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் இருந்ததைப் பிறகு பார்த்தேன். நான்காக மடித்து, மடிப்பில் இற்றுப்போய் இருந்தது.

மேலே இருந்த நாட்களில் தோட்டத்துக்குப் பக்கத்து சுகாதார நிலையத்துக்கும் ஒருமுறை போயிருக்கிறார், அட்டை கடித்த புண்ணுக்கு. சுவரில் கர்ப்பப்பை வாய்ப் புற்று பற்றி ஒரு தட்டி இருந்ததாம், மலையாளத்தில். அக்கா மலையாளம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அங்கே அதைக் 'கர்ப்பாசயகள கான்சர்' என்பார்கள். யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் தனக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் அதுவும் ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் சீட்டைப் பற்றியும் அவர் புரிந்துகொண்டது, 'உள்ளே ஏதோ வெள்ளை' என்பதுதான். வெள்ளைப்படுதல் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளைப்படுதல் யாருக்கு இல்லை?

இரண்டாம் வருகை

இரண்டு வருடம் கழித்து உண்மையிலேயே வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தார்கள். "வாயில புண்ணு இருக்கு. பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கு? பையை எடுத்துடலாம்" என்றார்கள். காப்பீட்டு அட்டையில் அந்த ஆபரேஷன் சேருமா என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தார். அவர் சீட்டைத் தேடி வரவில்லை, கர்ப்பப்பையை எடுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்.

'வாயில் புண்' என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்திலும் ஆந்திர எல்லைப் பக்கத்திலும் எத்தனையோ பெண்கள் 35, 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். கேட்டால் பலரும் சொல்வது இந்த ஒரே சொல்தான். உள்பக்கத்துச் சிவந்த தோல் வெளியே தெரிவது பல பெண்களுக்கு இயல்பு. அது புண் கிடையாது, அதற்கு வைத்தியமே தேவையில்லை. ஸ்கேனில் செல் மாற்றம் தெரியவும் தெரியாது. உண்மையிலேயே மாற்றம் இருந்தால்கூடத் திசுவை எடுத்துப் பார்க்காமல் பையை எடுப்பது பெரிய தவறு. உள்ளே புற்று ஏற்கனவே ஊடுருவியிருந்தால் சாதாரண ஆபரேஷன் போதாது, அதற்குப் பிறகு சரியான சிகிச்சை கொடுப்பதும் சிக்கலாகிவிடும். முற்றிய செல் மாற்றத்துக்காகப் பையை எடுத்தவர்களுக்கும் அதோடு கதை முடியாது. யோனியின் மேல்முனையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். "எடுத்தாச்சுல்ல, இனி என்ன?" என்று அவர்கள் வருவதே இல்லை.

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்தில் அந்த வட்டம், 11-லிருந்து 1 வரை கோடு. பக்கத்தில் 'தொடர்புகொள்ள இயலவில்லை'. தேதியை விரல்விட்டு எண்ணினேன், 26 மாதம்.

"அக்கா, இப்பவே ஒருவாட்டி பாத்துருவோமா?"

"பாரும்மா. அதுக்குத்தான வந்துருக்கேன்."

அரிப்புக்குக் காரணம் காளான் தொற்று. தயிர் திரிந்த மாதிரி வெள்ளை, அதற்கு மாத்திரை போதும். துடைத்துவிட்டு ஆசிட் வைத்தேன். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 10 மணியிலிருந்து 4 மணி வரை கெட்டியான வெள்ளை, மேல் ஓரம் வாய்க்குள்ளே ஏறிப்போயிருந்தது, அதன் முடிவை என்னால் பார்க்க முடியவில்லை. அயோடினில் அத்தனையும் மஞ்சள். தொட்டால் ரத்தம் கசியவில்லை, கட்டியாக ஒன்றும் இல்லை. அந்த இரண்டும் இல்லாததைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

செல்லுக்குள் நடப்பது

இந்தப் புற்றில் 100-க்கு 95-க்கு மேல் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அதில் பல வகை உண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு மட்டுமே உலகில் சுமார் 70 சதவீதப் புற்றுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசெனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல உருமாறும். புற்றுக்கு முந்தைய இந்த மாற்றத்தை சி.ஐ.என். என்று மூன்று படியாகப் பிரிப்பார்கள். தோலின் அடியடுக்கில் மூன்றில் ஒரு பங்குக்குள் மாற்றம் நின்றால் சி.ஐ.என். 1. மூன்றில் இரண்டு பங்கு வரை போனால் 2. அதையும் தாண்டி மேலடுக்கு வரைக்கும் போனால் 3. முதல் படியில் இருப்பவை பெரும்பாலும் தானாகவே மறையும், வெட்ட வேண்டியதில்லை. மூன்றாம் படியை அப்படி விட முடியாது. வைத்தியம் இல்லாமல் விட்டால் 30 வருடத்தில் பத்துப் பேரில் மூன்று பேருக்குப் புற்றாகிவிடும் என்று நியூசிலாந்தில் கண்டிருக்கிறார்கள்.

நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குத் தொற்றிலிருந்து புற்று வரை போக 15, 20 வருடம் ஆகும். இவ்வளவு அவகாசம் கொடுக்கிற புற்று அபூர்வம். அப்படியிருந்தும் இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கு. அந்த அவகாசத்தையெல்லாம் நாம்தான் வீணாக்குகிறோம்.

கால்போஸ்கோப்பி முதல் லீப் வரை

இந்த முறை சீட்டைக் கொடுத்து அனுப்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் மகப்பேறு ஓ.பி.யில் இருக்கிற சிஸ்டருக்குப் போன் போட்டு, புதன்கிழமை 8 மணி என்று உறுதி செய்துகொண்டு, நானும் கூடவே பஸ் ஏறினேன். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு பெண்ணை வைத்தியத்தில் சேர்க்க ஒரு நர்ஸ் தன் லீவைக் கொடுக்க வேண்டியிருந்தால் ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கால்போஸ்கோப் என்றால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டுகிற தூரநோக்கி மாதிரியான கருவி, உடம்புக்குள்ளே போகாது. டாக்டர் அதே ஆசிட்டை வைத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெறுங்கண்ணுக்கு ஒரே வெள்ளையாக இருந்த இடத்தில் தரைக்கு மொசைக் பதித்த மாதிரி ரத்தக்குழாய்க் கோடுகள், இடையிடையே சிவப்புப் புள்ளிகள். இரண்டு இடத்தில் அரிசி மணி அளவு திசு எடுத்து ஃபார்மலின் டப்பாவில் போட்டார்கள். உள்வாயையும் சுரண்டி எடுத்தார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருந்துச்சு" என்றார் அக்கா. டப்பாவில் பெயர் எழுதும்வரை நான் நகரவில்லை.

12 நாளில் ரிசல்ட் வந்தது. சி.ஐ.என். 3. ஊடுருவல் இல்லை.

புற்றுக்கு முந்தைய மாற்றத்துக்கு வைத்தியம் இரண்டு விதம். ஒன்று, அந்த இடத்தைச் சூட்டாலோ கடுங்குளிராலோ அழிப்பது. 100 டிகிரி சூட்டில் ஒரு சிறு கருவியை 20, 30 விநாடி வைத்து எடுக்கும் முறையில் மயக்க மருந்து வேண்டாம், ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். ஆனால் திட்டு முழுசாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாய்க்குள்ளே ஏறியிருக்கக்கூடாது, கர்ப்பப்பை வாயில் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருக்கக்கூடாது, புற்று என்ற சந்தேகமே இருக்கக்கூடாது. இல்லையென்றால் இரண்டாவது வழி, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியையே சீவி எடுப்பது. லீப் என்பார்கள். எடுத்த துண்டு முழுவதையும் லேபுக்கு அனுப்பலாம் என்பது இதில் உள்ள நன்மை.

அக்காவுக்கு இரண்டாவதுதான் வழி. 26 மாதத்துக்கு முன்னால் 11-லிருந்து 1 வரை மட்டும், ஓரமெல்லாம் தெரிய இருந்தபோது பிடித்திருந்தால் அந்த அரை நிமிடச் சூடே போதுமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மரத்துப்போக ஊசி போட்டு 15 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பேசிக்கொண்டே படுத்திருந்தார். ரத்தம் நிற்க வைக்கிற மருந்தால் சில நாள் காப்பித்தூள் மாதிரி கருப்பாக வரும், பிறகு இரண்டு மூன்று வாரம் தண்ணீராகப் போகும் என்று முன்னாலேயே சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். நான்கு வாரம் உறவு கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஆற்றிலும் குளத்திலும் இறங்கிக் குளிக்கக்கூடாது. "சுருளியிலயும் குளிக்கக்கூடாதா?" என்று கேட்டார். ஒரு மாதம் வாளித் தண்ணீர்தான் என்றேன்.

நான்கு வாரம் என்று டாக்டர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது நான்கு வாரக் கூலி, மகளிர் குழுத் தவணை, இடத்தை வேறு ஆள் பிடித்துக்கொள்வாரோ என்ற கவலை. ஜீப்பில் கூடப்போகிற பெண்கள் கங்காணியிடம் பேசி அவர் இடத்தைக் காத்து வைத்தார்கள். தவணையைக் குழு ஒரு மாதம் தள்ளி வைத்தது. இந்த இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால் அவர் பத்தாம் நாளே மலையேறியிருப்பார்.

சீவி எடுத்த துண்டின் ஓரங்களில் மாற்றம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

வீட்டுக்காரர் கேட்டது

ரிப்போர்ட் வாங்க வந்த அன்று வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். அக்கா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், இது தொத்து வியாதின்னு சொல்றாங்களே. அவளுக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சு?" நல்ல மனிதர், சண்டைக்காகக் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளே போய் நின்றுவிட்டால் எத்தனை பெண்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்னது இதுதான்: "அண்ணே, இது சளி மாதிரி எல்லாருக்கும் வந்து போற கிருமி. உங்களுக்கும் வந்துருக்கும், எனக்கும் வந்துருக்கும். சிலபேர் உடம்புல பத்து வருசம் பதினஞ்சு வருசம்கூடச் சத்தமில்லாம இருக்கும். எப்ப வந்துச்சு, யார் மூலமா வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அக்கா மேல தப்பும் இல்ல, உங்க மேல தப்பும் இல்ல." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க சிஸ்டர்" என்றார். இப்போது இந்தப் பேச்சைப் பெண்ணோடு சேர்த்து வீட்டுக்காரரிடமும் ஆரம்பத்திலேயே பேசிவிடுகிறேன்.

எங்கே தவறினோம்

பரிசோதனை தவறவில்லை. முதல் நாளே சரியாகக் காட்டியது. நாம் சிக்கிக்கொண்டது அதற்குப் பிறகு.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் 2000-ல் தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரளத்துக்காரரான டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்துவ ஐக்கிய சமுதாய நல மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் சேர்ந்து நடத்தியது. 30-லிருந்து 59 வயது வரை உள்ள கிராமத்துப் பெண்களுக்கு இதே ஆசிட் பரிசோதனை, ஒரே ஒரு முறை. 2007-ல் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில் புற்று வருவது 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. பரிசோதனை செய்தவர்கள் என்னைப் போன்ற நர்ஸுகள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கேயே கால்போஸ்கோப்பி பார்த்து, திசு எடுத்து, தகுதியானவர்களுக்கு அந்த வருகையிலேயே உறைய வைக்கும் வைத்தியத்தையும் நர்ஸுகளே கொடுத்தார்கள். பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேடவில்லை.

அந்த வருடமே தமிழ்நாடு அரசு இந்தப் பரிசோதனைக்கு முன்னோட்டம் பார்க்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்கள் தஞ்சாவூரும் எங்கள் தேனியும். அதன் பலன் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30-லிருந்து 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டோடு ஒப்பிட்டால் நல்ல கணக்கு. பத்தில் ஒன்பது பெண்களை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதும் இதே கணக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கிற இலக்கு, 35 வயதுக்குள் ஒருமுறை, 45-க்குள் மறுபடி ஒருமுறை, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை. அதுவும் எச்.பி.வி. டெஸ்ட் போன்ற தரமான பரிசோதனை. வியாவின் குறை என்னவென்றால் அது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. எச்.பி.வி. டெஸ்டுக்கு மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக் கொடுக்கலாம், மறைப்பும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மலைமேல் லயத்தில் இருக்கிற பெண்ணுக்கு அதைவிட ஏற்றது எதுவும் இல்லை. அது எங்கள் நிலையத்துக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அதுவரை கையில் இருப்பதைத் திருத்திக்கொண்டோம். சீட்டு இப்போது தமிழில், பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை என்று அதிலேயே இருக்கும். வீட்டுக்காரர் நம்பரோடு ஜீப் டிரைவர் நம்பரும் வாங்குகிறோம். ஜீப்காரருக்கு யார் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்று அத்துப்படி. என்ன விஷயம் என்று அவரிடம் சொல்ல மாட்டோம், 'நர்ஸம்மா கூப்பிடச் சொன்னாங்க' என்ற ஒரு வாய்ச்சொல் மட்டும். மேலே வண்டன்மேடு பக்கத்தில் தமிழ் பேசுகிற ஓர் ஆஷா பணியாளர் இருக்கிறார், அவரோடும் பேசி வைத்திருக்கிறேன். பரிசோதனை நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் மலையிறங்கி ஊரில் இருப்பார்கள், மறுபரிசோதனைகளை அந்த வாரத்தில் வைக்கிறோம். பாசிட்டிவ் என்றால் பெண் கிளம்புவதற்கு முன்னாலேயே போன் போட்டு அடுத்த இடத்தில் பெயர் பதிந்துவிடுகிறோம். 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

இப்போதைய நிலை

லீப் முடிந்து 12 மாதம் கழித்து எச்.பி.வி. டெஸ்ட் எடுத்தார்கள். நெகட்டிவ். வியாவிலும் திட்டு இல்லை. வைத்தியம் செய்த இடம் வெளிறிய தழும்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும், அதன்பின்னும் நீண்ட வருடங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

அக்காவின் கடைசி மகளுக்கு 13 வயது. தடுப்பூசி பற்றி அவரே கேட்டார். 9-லிருந்து 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன், புனேயில் செய்கிற செர்வாவாக் என்ற இந்தியத் தடுப்பூசியும் இருக்கிறது, ஊசி போட்டாலும் 30 வயதுக்குமேல் பரிசோதனை உண்டு என்று சொன்னேன். போட்டுவிட்டார்கள்.

கடைசியாகப் பார்த்தபோது புதுச் சீட்டை அதே பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டிருந்தார். இற்றுப்போன பழைய சீட்டும் உள்ளே இருந்தது. "இத ஏன் அக்கா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றேன். "நீ எழுதிக் குடுத்ததுல்லம்மா" என்றார்.

பழைய பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்து வருகிறேன். வட்டம் போட்டுக் கோடிழுத்து, அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் விட்ட பெயர்களில் இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் நெடுங்கண்டம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பதாக ஜீப்காரர் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை 5 மணி வண்டியில் அவருக்குச் சேதி போகிறது.